கழற்றுகிற கைக்கு ஒரு பொத்தான்

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய கன்டெய்னர் யார்டுகளில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. இங்கே இயந்திரங்களுக்கு முதல் எதிரி உப்புக் காற்று. புதிதாகப் போட்ட கேபிளின் முனையில்கூடச் சீக்கிரமே களிம்பு ஏறிவிடும். எடைமேடையின் எடையைக் காட்டும் இண்டிகேட்டரிலிருந்து வருகிற சீரியல் கேபிளை யூஎஸ்பியாக மாற்றித் தருகிற சின்னஞ்சிறு மாற்றி ஒன்று உண்டு. முதலில் தகராறு செய்வது அதுதான். கழற்றுவது, துடைப்பது, செருகுவது, சரிவரவில்லை என்றால் வேறொன்றைப் போடுவது எல்லாம் அன்றாடம் நடப்பவை. அதைச் செய்வது நானல்ல, எடைமேடை அறையில் உட்கார்ந்திருப்பவர். கணினியை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. வெளியே டிரெய்லர் லாரிகள் வரிசையில் நிற்கும். அந்த வெயிலில் ஓட்டுநர்கள் காத்திருப்பார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து ஒரு சாதனத்தைக் கழற்றும் உரிமை அதைப் பயன்படுத்துகிறவருக்கு வேண்டும். அந்த உரிமையை இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் மதிக்க வேண்டும், அதன் மேல் எழுதப்படும் மென்பொருளும் மதிக்க வேண்டும். இந்த எண்ணம் எனக்கு வலுப்பட்டது ஒரு யார்டின் எடைமேடை அறையில்தான்.

அங்கே இருந்த அண்ணன் போனில் அழைத்தார். "தம்பி, மாற்றியைக் கழற்றித் துடைத்துச் செருகினேன். லாரி இறங்கிப் போய்விட்டது, எடை மட்டும் திரையில் அப்படியே நிற்கிறது" என்றார். போய்ப் பார்த்தேன். மேடை காலியாக இருந்தது. இண்டிகேட்டரில் பூஜ்யம். கணினித் திரையில் போன லாரியின் எடை.

எங்கள் கணினிகளில் ஓடும் இயங்குதளமான லினக்ஸில் இப்படிப்பட்ட மாற்றிக்கு டிடிஒய் யூஎஸ்பி 0 என்பது போல ஒரு பெயர் கிடைக்கும். அண்ணன் கழற்றியதும் கர்னல் தன் பங்கைச் சரியாகவே செய்திருந்தது. இணைப்பு அறுந்தது என்று மென்பொருளுக்குச் சொல்லியிருந்தது. மென்பொருளோ அந்தப் பிழையைக் கண்டுகொள்ளவில்லை, திறந்து வைத்திருந்த வழியை மூடவும் இல்லை. ஏதாவது ஒரு நிரல் பிடித்துக்கொண்டிருக்கும்வரை கர்னல் 0 என்ற அந்த எண்ணை வேறு யாருக்கும் தராது. குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுச் சாவியைக் கொடுக்காமல் போனால் புதிதாக வருபவருக்குப் பக்கத்து அறையைத்தானே கொடுக்க முடியும்? மறுபடி செருகிய மாற்றி டிடிஒய் யூஎஸ்பி 1 ஆகிவிட்டது. மேடையின் உண்மையான எடை அந்தப் புதிய பெயரில் வந்துகொண்டே இருந்தது, கேட்பதற்கு ஆளில்லை.

சரிபார்த்த மொத்த எடை இல்லாத ஏற்றுமதிக் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற சர்வதேச விதி 2016 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கப்பலில் எது அடியில், எது மேலே என்று திட்டமிட அந்த எண் வேண்டும். ஒரு பெட்டியின் எடை இன்னொன்றின் பெயரில் போனால் அதற்குக் கீழே வேலை செய்கிறவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடுகிறது. அன்று அண்ணன் கவனித்தார். எல்லா நாளும் ஒருவர் கவனித்துக்கொண்டே இருப்பார் என்று நம்பி மென்பொருள் எழுதக் கூடாது.

கர்னலின் பக்கம் பார்த்தால், ஓடும்போதே சாதனங்கள் வந்து போகும் என்பதை லினக்ஸ் வெகுகாலம் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பிலிருந்து ஒவ்வொரு சாதனமும் சிஸ் என்ற அடைவுக்குள் கோப்புகளாகத் தெரிகிறது. 2009-இல் வந்த 2.6.30 பதிப்பில் பிசிஐ சாதனங்களுக்கு, அதாவது கணினிக்குள் செருகும் அட்டைகள் போன்றவற்றுக்கு, 'ரிமூவ்' என்ற கோப்பு சேர்ந்தது. அதில் 1 என்று எழுதினால் கர்னல் அந்தச் சாதனத்தை விலக்கிவிடும். யூஎஸ்பிக்கும் வட்டுகளுக்கும் இதே போன்ற கோப்புகள் உண்டு.

என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது வேறொன்று. வட்டில் கோப்புகளை ஒழுங்காக வைத்திருக்கும் கோப்பு முறைமையை விடுவி என்று முறைப்படி கேட்டால், ஏதாவது ஒரு நிரல் அதில் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தாலும் கர்னல் மறுக்கிறது. யார் பிடித்திருக்கிறார்கள் என்றும் சொல்வதில்லை, அதை நாம்தான் வேறு கட்டளை போட்டுத் தேட வேண்டும். அதே வட்டின் 'டெலிட்' கோப்பில் 1 என்று எழுதினால் ஒரு கேள்வியும் இல்லை. இயங்குதளமே அந்த வட்டிலிருந்துதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்றாலும் விலக்கிவிடும். ஒரு வாசலில் காரணம் சொல்லாத காவலாளி, இன்னொரு வாசலில் காவலே இல்லை. ரூட் அனுமதி, அதாவது கணினியின் தலைமை நிர்வாகி அனுமதி, உள்ளவருக்கு முழு அதிகாரம் வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது, ஏற்கவும் செய்கிறேன். வேலை செய்யாத வட்டு ஒன்றை ஏதோ ஒரு நிரல் பிடித்துக்கொண்டிருப்பதால் விடுவிக்க முடியாமல் போகும்போது அந்த இரண்டாவது வாசல்தான் காப்பாற்றும். ஆனால் எடைமேடை அறையில் இருப்பவருக்கு இந்த இரண்டில் எதுவும் பயன்படாது.

பென் டிரைவ் இன்னொரு தலைவலி. விபத்து, திருட்டுப் புகார் என்று வந்தால் கேமரா பதிவைக் கேட்பார்கள். நகல் முடிந்தது என்று திரை சொல்லும். உண்மையில் அதில் ஒரு பகுதி நினைவகத்தில் காத்திருக்கும். லினக்ஸின் இயல்பான அமைப்பில் 30 விநாடி கடந்த தரவையே கர்னல் கட்டாயமாக வட்டுக்குத் தள்ளத் தொடங்குகிறது. அதற்குள் பிடுங்கினால் காவல் நிலையத்துக்குப் போவது அரைகுறைப் பதிவு. விண்டோஸ் 10 இதற்காகவே 2018-இல் வந்த 1809 பதிப்பில் தன் இயல்பு அமைப்பை மாற்றியது. வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வெளிச் சாதனங்களை உடனே பிடுங்கினாலும் தரவு தங்க வழி செய்தது. அது நல்ல முடிவு. பயன்படுத்துகிறவர் எப்படி நடந்துகொள்வார் என்று பார்த்துவிட்டு எடுத்த முடிவு.

எடைமேடைக்கு நாங்கள் செய்தது ஒரு பொத்தான். 'மாற்றியைக் கழற்ற வேண்டும்' என்று திரையில் இருக்கும். அதை அழுத்தியதும் எடை மறைந்து கட்டம் காலியாகிறது, பதிவு செய்ய முடியாது. மென்பொருள் தன் பிடியை விடுகிறது. பிறகு ரூட் அனுமதியோடு ஓடும் ஒரு சிறு நிரல், அந்த ஒரு யூஎஸ்பி துளைக்கான ரிமூவ் கோப்பில் மட்டும் எழுதுகிறது, வேறு எதையும் அதனால் தொட முடியாது. 'கழற்றலாம்' என்று பச்சையில் வரும். திரும்பச் செருகியதும், சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ் என்ற லினக்ஸ் நிரலுக்கு நாங்கள் எழுதிய விதி, எந்தத் துளை என்பதை வைத்து நிலையான பெயரைத் தருகிறது, 0 ஆனாலும் 1 ஆனாலும் கவலை இல்லை.

எங்கள் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் இதை எதிர்த்தார். "கேட்டில் இருப்பவரிடம் கர்னலைக் கொடுக்கிறாயா?" என்று கேட்டார். அவருடைய பயம் நியாயமானதுதான், அதனால்தான் அந்தச் சிறு நிரலை இவ்வளவு குறுக்கினோம். ஆனால் நாம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கேபிள் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அவர் கழற்றத்தான் போகிறார். சொல்லிவிட்டுக் கழற்ற வழி இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே நாம் தீர்மானிக்கக் கூடியது என்றேன். ஒரு யார்டில் மட்டும் போட்டுப் பார்க்கச் சம்மதித்தார். இப்போது மற்ற யார்டுகளுக்கும் அவரே கேட்டு வாங்குகிறார்.

சொல்லாமல் கழற்றுவதும் நடக்கும், பொத்தான் அதற்கு மாற்று ஆகாது. பிசிஐ அட்டை திடீரென்று போய்விட்டால் அதிலிருந்து படிக்கும் ஒவ்வொரு மதிப்பும் எல்லா பிட்டும் 1 ஆக வரும். 'இந்த பிட் 0 ஆகும்வரை காத்திரு' என்று எழுதிய, சாதனத்தை இயக்கும் டிரைவர் நிரல் அங்கேயே முடிவில்லாமல் நின்றுவிடும். சாதனம் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், போகும்போது என்ன ஆகும் என்பதற்குச் சில வரிகளோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அதனால் புதிய சாதனம் எது வந்தாலும் இப்போது அதை வேலை செய்யவிட்டு, நடுவிலேயே கையால் பிடுங்கிப் பார்க்கிறேன். மேடையில் எடை ஏறிக்கொண்டிருக்கும்போதும், கோப்பு நகலாகும்போதும் பிடுங்குகிறேன். கர்னல் பதிவேட்டில் என்ன வருகிறது, பெயர் மாறுகிறதா, நிரல் விழிக்கிறதா என்று அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன். போன முறை வந்த மாற்றிகளில் ஒரு வகை இந்தச் சோதனையில் தோற்றது. விலை குறைவுதான், இருந்தாலும் திருப்பி அனுப்பிவிட்டோம்.