தெரிந்த பதிலையே கேட்கிற அப்பா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நான் எழுதுவது சம்பந்தப்பட்ட இருவருக்கும் தெரியும். "ஊர் பேரையெல்லாம் மாத்திப்போடு" என்றார் அண்ணன். "ஊரெல்லாம் அப்படியே இருக்கட்டுங்கத்தை, ஆள் பேரை மட்டும் விட்டுருங்க" என்றாள் அவர் மகள். மகள் சொன்னபடிதான் செய்திருக்கிறேன்.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, முதலாளி. போலீசில் குற்றப்பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, கோயம்புத்தூர் காந்திபுரத்தில் துப்பறியும் நிறுவனம் வைத்திருக்கிறார். நான் அங்கே விசாரணைக்குப் போகிற ஆள். அதற்கு முன்னால் எல்ஐசி முகவர். வெயிலில் போய் நின்று "பாலிசி விஷயமா வந்தேனுங்க" என்றால் எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் வரும். பாலிசி போடுகிறார்களோ இல்லையோ, தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக் கதை பாதி வந்துவிடும். அண்ணன் என்னை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான்.

துப்பறிவாளர் என்றதும் கொலை, கொள்ளை, கறுப்புக் கண்ணாடி என்று நினைக்க வேண்டாம். திருப்பூரில் நூலைக் கடனுக்குக் கொடுக்கிறவர்கள், வாங்குகிற கம்பெனி தாங்குமா என்று விசாரிக்கச் சொல்வார்கள். மற்றபடி வருவதெல்லாம் பெரும்பாலும் கல்யாண விசாரணை. முன்பெல்லாம் மாப்பிள்ளை எப்படி என்று தெரிய வேண்டுமானால் அவர் ஊர் டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். என்ன கூட்டம் (குலத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்), எத்தனை ஏக்கர், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, பையன் குடிப்பானா, எல்லாம் தானாக வந்துவிடும். இப்போது அந்தப் பையன் சரவணம்பட்டியில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான், எதிர் வீட்டுக்காரருக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. அதனால் நாங்கள் இஸ்திரி வண்டிக்காரரையும் வாட்ச்மேனையும் பிடிக்கிறோம். தோட்டம் இருக்கிறது என்றால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்ப்போம். வழக்கு ஏதாவது நடக்கிறதா என்று நீதிமன்றத் தளத்தில் தேடுவோம். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யார் யாருக்குப் போன் பேசினார்கள் என்ற பட்டியலை மட்டும் அண்ணன் தொடமாட்டார். 2018ல் மகாராஷ்டிராவில் உள்ள தானே நகரப் போலீஸ் அந்த விவகாரத்தில் தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்ததிலிருந்து, அதைக் கேட்டு யார் வந்தாலும் வாசலைக் காட்டிவிடுவார்.

எங்கள் தொழிலுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 2007ல் மாநிலங்களவைக்கு ஒரு மசோதா வந்தது, அது சட்டமாகாமலே போய்விட்டது. ஆக, அறிக்கையில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதெல்லாம் முதலாளியின் மனசாட்சிக்கு விட்ட விஷயம். அந்த மனசாட்சியோடுதான் மகளுக்குச் சண்டை.

சின்ன வயதில் அவள் அப்பா பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வடவள்ளியிலிருந்து பைக்கில் முன்னால் உட்கார்ந்துகொண்டு, எதிரே வருகிற வண்டி நம்பரைப் பார்த்து ஊர் சொல்லிக்கொண்டே வருவாள். 41 பொள்ளாச்சி, 36 கோபி, 33 ஈரோடு, 40 மேட்டுப்பாளையம். தப்பாகச் சொன்னால் தேங்காய் பன் கிடையாது. சோறு உண்ணும்போது அண்ணன் பழைய கேஸ்களைக் கதையாகச் சொல்வார். "திருடன் சட்டையை மாத்துவான் சாமி, செருப்பை மாத்தமாட்டான். கால்ல இருந்து பாரு." இந்தப் பாடத்தை அவள் மறக்கவே இல்லை. எனக்குத்தான் அது வினையாக வந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அவள் ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஆபீசுக்கு ஒரு விசாரணை வந்தது. காங்கேயம் பக்கத்து மாப்பிள்ளை வீடு. பெண் கோயம்புத்தூர். உப்புச் சக்கரை மாற்றி நிச்சயம் முடிந்து, மண்டபமும் பேசியாகிவிட்டது. அதற்குப் பிறகு யாரோ ஏதோ சொல்ல, ரகசியமாக விசாரிக்கச் சொன்னார்கள். அந்த விசாரணைக்குப் போனது ஆபீஸ் பையன் ஒருவன். அறிக்கை இரண்டு பக்கம். அதில் ஒரு வரி: "பெண் கல்லூரியில் படிக்கும்போது வேறு சமூகத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவருடன் நெருங்கிப் பழகியதாகவும், தற்போதும் தொடர்பில் இருப்பதாகவும் தெரியவருகிறது." எங்கள் அறிக்கையில் எல்லாமே இப்படித்தான் 'தெரியவரும்'. யாருக்குத் தெரிந்தது, யார் சொன்னார்கள் என்பது வராது.

கல்யாணம் நின்றது. ஏன் நிறுத்தினோம் என்று காட்டுவதற்காக மாப்பிள்ளை வீட்டில் யாரோ அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் பெண்ணின் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். மேலே எங்கள் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் கொட்டை எழுத்தில். அந்தப் பெண்ணின் தங்கை, அண்ணன் மகளின் வகுப்புத் தோழி. ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். அடுத்த நாள் தோழி இடம் மாறி உட்கார்ந்துகொண்டாள். அடுத்த வாரம் வகுப்பு முழுக்க விஷயம் பரவிவிட்டது.

அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. ஊரையே விசாரிக்கிற மனுஷனுக்குத் தன் மகள் ஏன் மதியச் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள் என்று தெரியவில்லை. இயற்பியலில் தோற்றாள். மாலையில் காந்திபுரத்தில் நீட் பயிற்சி வகுப்பு. அங்கிருந்து "உங்க பொண்ணு வரலீங்களே" என்று போன் வந்தது. போனில் இடம் பார்த்தால் பயிற்சி மையத்திலேயே இருப்பதாகக் காட்டியது. போனைத் தோழி ஒருத்தியின் பையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்! கைச்செலவுக் காசைக் கணக்குப் பார்த்தார், ஒரு ரூபாய் குறையவில்லை. எப்படிக் குறையும்? 2021லிருந்து சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அப்பா மகளைக் காசு வழியாகப் பிடிக்கிற கதை அதோடு முடிந்தது.

அப்புறம் வீட்டில் விசாரணை. "நேத்து சாயங்காலம் எங்கிருந்தே?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்டேஷன் பழக்கம். பேசாமல் இருந்தால் எதிரே இருப்பவர் தாங்கமாட்டாமல் எதையாவது உளறுவார். இவள் உளறவில்லை. "பதில் தெரிஞ்சுக்கிட்டேதானுங்க கேக்கறீங்க? அப்பறம் நான் எதுக்குச் சொல்லணும்?" என்று எழுந்து போய் அறையைத் தாழ் போட்டுக்கொண்டாள். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனதும் அண்ணன் திருப்புளி எடுத்து அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். கதவில் நான்கு ஆணி ஓட்டைகள். அண்ணி எனக்குப் போன் போட்டு அழுதார். அன்றிலிருந்து மகள் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டாள்.

தாழ்ப்பாள் விஷயத்தில் எனக்கு அண்ணன் மேல் இன்னமும் கோபம் உண்டு. பெண் பிள்ளை உடை மாற்றுகிற அறை அது. நேரிலேயே சொன்னேன். "நீ என் இடத்துல இருந்து பாரு" என்றார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, "அவ எங்க போறான்னு பார்த்துச் சொல்லு" என்றார். நான் மாட்டேன் என்றால் ஆபீஸ் பையன்களை அனுப்புவார். ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் பின்னால் பையன்களா? சரி, நானே போகிறேன் என்றேன்.

உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த சமயம். அவிநாசி சாலையில் பேருந்தும் நகராது, ஸ்கூட்டியும் நகராது, பின்தொடர்கிறவருக்கு வசதி. துப்பட்டா மாற்றி, ஹெல்மெட் மாற்றி, எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் இறங்கினாள். பக்கத்தில் ஒரு பேக்கரி. எங்கள் ஊரில் இரண்டு கடைக்கு ஒரு பேக்கரி இருக்கும், டீ குடிக்க அங்கேதான் போவோம். நான் தள்ளி ஒரு காளான் வண்டி அருகே நின்றேன். (வெளியூர்க்காரர்களுக்கு: அது பெரும்பாலும் முட்டைக்கோஸ். காளான் என்று நம்பித்தான் சாப்பிட வேண்டும்.) கொஞ்ச நேரத்தில் பேக்கரிப் பையன் கண்ணாடி டம்ளரில் டீயோடு என்னிடம் வந்தான். "அந்த அக்கா குடுக்கச் சொன்னாங்க."

திரும்பிப் பார்த்தால் அவள் என் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதே பழைய பாட்டா செருப்பு.

"வாங்கத்தை. ஆறிப்போகுது, குடிங்க" என்றாள். சிரிக்கவில்லை. "நான் ஓடலீங்க. வேணும்னா நீங்களும் வாங்க."

போனேன். பீளமேட்டில் ஒரு சந்துக்குள் வேலைக்குப் போகிற பெண்கள் விடுதி. கீழே வரவேற்பு அறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர் கேன். இறங்கி வந்தவள், அந்த நின்றுபோன கல்யாணத்துப் பெண். வீட்டில் போனைப் பிடுங்கி, வேலையை விடச் சொல்லி, அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊருக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து கிளம்பி வந்து, கணக்கு எழுதுகிற வேலை தேடிக்கொண்டு இந்த விடுதியில் இருக்கிறாள். அந்தப் பையனைப் பற்றி எழுத எனக்கு அனுமதி இல்லை. அண்ணன் மகள் முதல் தடவை அங்கே போனது மன்னிப்புக் கேட்க. அப்பா கேட்கமாட்டார் என்று தெரிந்து, தான் போயிருக்கிறாள். அதற்குப் பிறகு போவது சும்மா உட்கார்ந்து பேச. பள்ளிக்கூடத்தில்தான் பேச ஆள் இல்லையே.

ஆபீசுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன்: "பத்திரமான இடம். பையன் கியன் யாரும் இல்லை. மத்ததை அவகிட்டயே கேளுங்க." எவ்வளவோ கேட்டார். கடைசியில் "சம்பளம் குடுக்கறது நானு" என்றார். இந்தச் சம்பளத்துக்கு இவ்வளவுதான் என்றேன்.

அந்த வார ஞாயிறு அண்ணி சந்தகை (இடியாப்பம் மாதிரி) செய்து என்னையும் கூப்பிட்டிருந்தார். சந்தகை பிழிய இரண்டு ஆள் வேண்டும். வெந்த உருண்டையைச் சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டு ஒருவர் பலம் கொடுத்து அழுத்த, இன்னொருவர் தட்டைப் பிடித்து வாங்க வேண்டும். அண்ணி வேண்டுமென்றே எனக்குத் தேங்காய்ப் பால் பிழிகிற வேலையைக் கொடுத்துவிட்டு மகளைத் தட்டுப் பிடிக்கச் சொன்னார். அண்ணன் அச்சை அழுத்தினார். இரண்டு உருண்டை ஆகும்வரை பேச்சே இல்லை.

அப்புறம் அண்ணன் கேட்டார். "எங்க போற அம்மிணி? எனக்குத் தெரியாது. நெசமாவே தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். தட்டைப் பிடித்தபடியே சொல்லிவிட்டாள், தோழி, வாட்ஸ்அப் படம், விடுதி, எல்லாம்.

இந்த இடத்தில் அப்பா கண்கலங்கினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அண்ணன் சொன்னது, "அந்த ரிப்போர்ட்டுல பொய் ஒண்ணும் இல்லியே."

"பொய்யுன்னு யாருங்க சொன்னா?" என்றாள். "உடுமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல 2016ல சாதி மாறிக் கல்யாணம் பண்ணின பையனைப் பட்டப்பகல்ல வெட்டிக் கொன்னது உங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்க போலீசு. அந்த அக்காவை அப்புச்சி வீட்டுல என்னமாச்சும் பண்ணியிருந்தா, உங்க ரிப்போர்ட்டுல அதுவும் 'தெரியவருகிறது'ன்னு எழுதுவீங்களா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. ஸ்டேஷன் மௌனம் இல்லை அது, அவரிடம் பதில் இல்லை. உருண்டை ஆறிக் கெட்டியாகிவிட்டது, அச்சு இறங்கவில்லை. அண்ணி வந்து, "ரெண்டுக்கும் ஒரே மண்டை, நகருங்க" என்று அதை எடுத்து மறுபடி ஆவிக்குப் போட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமுடியாது. நீட் வகுப்பை அவள் விட்டாள், அண்ணன் ஒரு மாதம் அதற்காகக் கத்தினார். ப்ளஸ் டூ ஒருவழியாக முடித்து இப்போது பி.காம். படிக்கிறாள். அந்தத் தோழி இன்றும் பேசுவதில்லை. தாழ்ப்பாள் திரும்ப வந்தது, ஆனால் அண்ணன் மாட்டவில்லை. அவளே கடையில் வாங்கி, பழைய ஓட்டைக்குக் கொஞ்சம் மேலே தானே முடுக்கிக்கொண்டாள்.

ஆபீசில் ஒரு மாற்றம் உண்டு. 'எங்க பொண்ணு யார்கூடப் பழகறா, பார்த்துச் சொல்லுங்க' என்று வயது வந்த பெண்ணின் வீட்டார் வந்தால் அண்ணன் எடுப்பதில்லை. கல்யாண விசாரணையில் குடி, கடன், வழக்கு, ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா என்பது வரைக்கும்தான். கேட்டால் "தொழிலுக்கு ரிஸ்க்" என்பார். வருமானம் குறைந்ததும் உண்மை. இப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் அடுத்த தெருவில் வேறு ஆளைப் பிடிக்கிறார்கள் என்பதும் உண்மை. மகளிடம் இதைச் சொன்னேன். "காரணத்தை இன்னும் மாத்திச் சொல்றாருங்க பாருங்கத்தை" என்றாள். அவள் அப்பாவிடம் எளிதில் திருப்தி அடைகிற பெண் இல்லை.

போன வாரம் அண்ணன் ராத்திரி போன் செய்தார். குரலில் ஒரு பெருமை. "அம்மிணி ரெண்டாயிரம் கேட்டா. குடுத்துட்டேன். எதுக்குன்னு கேக்கவே இல்லை."

"நல்லதுங்கண்ணா" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியும்."

"எதுக்கு?"

"அவ பக்கத்து ரூம்லதானுங்களே இருக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.