குளியல்கூடமும் கவுண்ட்டரும்

ஸ்டோயிக் என்ற பழங்காலக் கிரேக்கத் தத்துவ மரபின் 'இயற்கையோடு ஒத்து வாழ்வது' என்ற கொள்கையைத் தமிழில் படித்ததும் மரமும் ஆறும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் இரண்டு மாடு வளர்க்கச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். குழப்பம் சொல்லில் இருக்கிறது. 'ஃபிசிஸ்' என்ற கிரேக்கச் சொல் வளர்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. ஒன்று வளர்ந்து எதுவாக ஆகிறதோ, அது அதன் ஃபிசிஸ். தமிழில் 'இயல்பு' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பொருந்தும். யோசித்துச் செய்வதும் பிறரோடு சேர்ந்து வாழ்வதும்தான் மனிதரின் இயல்பு என்றார்கள் ஸ்டோயிக்குகள். நாள் முழுக்க ஆட்கள் வந்து நிற்கும் கவுண்ட்டரில் இந்த இரண்டும் ஒருசேரச் சோதனைக்கு உள்ளாகும். வங்கி, தாலுகா அலுவலகம், மருந்துக்கடை, எதுவானாலும் சரி.

கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸின் ஓவியத் தூண்மண்டபத்தில் பாடம் சொல்லத் தொடங்கி இந்த மரபை நிறுவிய ஜீனோ, வாழ்வின் இலக்கை 'ஒத்திசைந்து வாழ்வது' என்று மட்டும் சொன்னதாகவும், அவருக்கு அடுத்துப் பள்ளித் தலைவரான கிளியாந்தஸ் 'இயல்போடு' என்பதைச் சேர்த்ததாகவும் ஒரு பழைய குறிப்பு உண்டு. ஜீனோவே முழுதாகச் சொல்லிவிட்டார் என்கிறது இன்னொன்று. உலகம் முழுவதற்கும் பொதுவான இயல்பையே கிளியாந்தஸ் எடுத்துக்கொண்டார். அதோடு மனித இயல்பையும் சேர்த்தவர், அவருக்குப் பின் தலைவரான கிரிசிப்பஸ். இந்தக் கிளியாந்தஸ் இரவில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுப் பகலில் பாடம் கேட்டவர். பாப்பிரஸ் தாள் வாங்கக் காசில்லாமல் சிப்பி ஓடுகளிலும் மாட்டுத் தோள்பட்டை எலும்புகளிலும் குறிப்பெழுதினார் என்று, தத்துவவாதிகளின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய டயோஜனிஸ் லயெர்ட்டியஸ் பதிவுசெய்திருக்கிறார். பிழைப்புக்கு என்ன வழி என்று விசாரணைக்கு அழைத்தபோது, தோட்டக்காரரையும் மாவு விற்ற பெண்ணையும் சாட்சியாகக் கூட்டிவந்தாராம். உடல் நோக உழைத்தவர்களின் கையும் பட்ட கொள்கை இது.

இயல்பு என்றால் சௌகரியம் என்ற எண்ணமும் குறுக்கே வரும். "எனக்கு இயல்பா வர்றதைத்தான் நான் செய்வேன்" என்று சொல்லும்போது பெரும்பாலும் சிரமமில்லாத வேலையைத்தான் குறிப்பிடுகிறோம். ரோமானிய ஸ்டோயிக்கான செனெகாவின் 121-ஆம் கடிதம் இதற்கு நல்ல மருந்து. நிற்கப் பழகும் குழந்தை விழுகிறது, அழுகிறது, அழுதுகொண்டே மறுபடி எழுகிறது. மல்லாந்து கிடக்கும் ஆமைக்கு வலி ஒன்றும் இல்லை. ஆனாலும் கால் ஊன்றும்வரை அது புரண்டு தவிப்பதை நிறுத்துவதில்லை. வலித்தாலும் தன் நிலைக்கு வந்து நிற்க முயல்வதைத்தான் அவர் இயல்பு என்கிறார்.

இதை வேலையில் எப்படிக் கடைப்பிடிப்பது என்பதற்கு எபிக்டெட்டஸ் தரும் பயிற்சி மிகத் தெளிவானது. அடிமையாக இருந்து விடுதலை பெற்று, கிரேக்க நகரான நிக்கோபோலிஸில் பள்ளி நடத்தியவர் அவர். பொதுக் குளியல்கூடத்துக்குக் கிளம்பும் முன் அங்கே என்ன நடக்கும் என்று மனத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்: தண்ணீரை வாரி இறைப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், துணியைத் திருடுவார்கள். பிறகு இரண்டு நோக்கங்களைச் சொல்லிக்கொள்ள வேண்டும். 'குளிக்கவும் வேண்டும், நான் எடுக்கும் முடிவை இயல்போடு ஒத்ததாக வைத்துக்கொள்ளவும் வேண்டும்.' இதைக் கவுண்ட்டருக்குக் கொண்டுவர ஐந்து நிமிடம் போதும். ஷட்டர் ஏறுவதற்கு முன், ஒரு துண்டுத் தாளில், இன்று நடக்கக்கூடியவை: சர்வர் நின்றுபோகும். ஒருவர் ஜெராக்ஸ் இல்லாமல் வந்து, நேற்று யாரும் கேட்கவில்லையே என்பார். உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையை இயந்திரம் நான்கு முறை மறுக்கும். வரிசையில் நிற்காதவர் பக்கவாட்டில் கை நீட்டுவார். சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது முதியவர் ஒருவர் வந்து நிற்பார். அதற்குக் கீழே இரண்டு நோக்கங்கள்: 'இவர்கள் வேலையை முடித்துக்கொடுக்க வேண்டும். முடியாத இடத்திலும் மனிதராக நடந்துகொள்ள வேண்டும்.'

இந்தப் பயிற்சி கெட்டுப்போகும் விதங்கள் சில உண்டு. 'இன்றைக்கும் நாள் நாசம்தான்' என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. அது எரிச்சலுக்கு முன்பணம் கட்டுவது. தண்ணீர், இடி, திட்டு, திருட்டு என்று எபிக்டெட்டஸ் பிரித்துச் சொன்னதற்குக் காரணம், ஒவ்வொன்றும் வரும்போது அடையாளம் தெரிய வேண்டும் என்பதே. பிறர் குற்றங்களை மட்டும் எழுதுவதும் போதாது. பன்னிரண்டு மணிக்குமேல் குரல் ஏறுகிறது, படிக்கத் தெரியாதவரிடம் ஒருமையில் பேச்சு நழுவுகிறது என்பவையும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

மூன்றாவது கோளாறு இவற்றைவிட ஆபத்தானது. இரண்டாவது நோக்கத்தை வைத்து முதலாவதைக் கைவிடுவது: மனம் அமைதியாக இருக்கிறது, கோப்பு நகரவில்லை. இதை ஸ்டோயிக் நிதானம் என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது. ரோமானிய எழுத்தாளர் சிசரோ எடுத்துத்தரும் அம்பெய்பவர் உவமையை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். குறி தவறாமல் எய்யத் தன்னால் ஆன அனைத்தையும் செய்வதே அவர் வேலை. அம்பு போய்த் தைப்பது தேர்ந்துகொள்ளத் தக்கது, ஆனால் அவருடைய திறம் அதைக்கொண்டு தீர்மானிக்கப்படுவதில்லை. 'அனைத்தையும்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் உவமையே இல்லை. ரேகை விழவில்லையா? விரலைத் துடைத்துவிட்டு வேறு விரல், பிறகு விதியில் இருக்கும் மாற்று வழி, அதுவும் ஆகாவிட்டால் எந்தத் தாளோடு எந்த நாள் வர வேண்டும் என்று எழுதிக்கொடுப்பது. அதற்குப் பின்தான் மனநிலையைப் பற்றிப் பேச்சு.

சம்பளம், இடமாற்றம், ஓடாத மின்விசிறி ஆகியவற்றை என்ன செய்வது? இவை நன்மையும் அல்ல, தீமையும் அல்ல என்பது ஸ்டோயிக் கணக்கு. இதைப் பிடித்துக்கொண்டு, கேட்கிறவர் வாயை அடைக்கும் மேலதிகாரிகள் உண்டு. கணக்கின் மறுபாதியை அவர்கள் சொல்வதில்லை: உடல்நலம், போதிய பொருள் போன்றவை இயல்புக்கு ஒத்தவை, தேர்ந்துகொள்ளத் தக்கவை. எது நடக்கும் என்று எனக்குத் தெளிவாகாதவரை இயல்புக்கு ஒத்தவற்றைப் பெற எது ஏற்றதோ அதையே பற்றிக்கொள்வேன் என்று கிரிசிப்பஸ் சொன்னதை எபிக்டெட்டஸ் எடுத்துச் சொல்கிறார். பாதத்துக்கு அறிவிருந்தால், உடல் போக வேண்டிய வழியில் சேறு வந்தால் அதுவும் சேற்றில் இறங்க விரும்பும் என்பது அதையொட்டி வரும் உவமை. இந்த இரண்டையும் முன்பின்னாக மாற்றக் கூடாது. முடிவு தெரியாதவரை மனுக் கொடுப்பது, நினைவூட்டுவது, சங்கத்தில் பேசுவது எல்லாம் இயல்பின்படிதான். தவிர்க்க முடியாதபடி நடந்துவிட்ட பிறகு சேற்றில் நடப்பதும் இயல்பின்படிதான். மனு எழுதும் முன்பே சேற்றைக் காட்டுகிறவரிடம் எச்சரிக்கை வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே இயல்பா என்றால், இல்லை. ரோட்ஸ் தீவின் ஸ்டோயிக்கான பனேட்டியஸைப் பின்பற்றி கி.மு. 44-இல் சிசரோ எழுதியது, ஒவ்வொருவரும் நான்கு வேடம் ஏற்கிறார் என்கிறது: மனிதர் அனைவருக்கும் பொதுவானது, தனக்கென்று அமைந்தது, சூழ்நிலை தந்தது, தானே தேர்ந்துகொண்டது. நடிகர்கள்கூடச் சிறந்த நாடகத்தை விட்டுவிட்டுத் தங்களுக்குப் பொருந்தும் நாடகத்தைத் தேர்கிறார்கள் என்றும் சொல்கிறார். கூட்டத்தைக் கண்டாலே கை நடுங்குகிறவர் கவுண்ட்டரில் இருபது ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது அப்படியொன்றும் உயர்ந்த ஒழுக்கம் அல்ல. பதிவறையில் அவர் கோப்புகளை அடுக்கும் நேர்த்தி ஊருக்கே பயன்படலாம்.

தவறான தொழிலில் இருப்பது தெரிந்தால் மாறிக்கொள்ளலாம் என்றே சிசரோ சொல்கிறார். சூழ்நிலை கைகொடுத்தால் எளிதாக மாறலாம். இல்லாவிட்டால் அடியடியாக, பிடிக்காமல்போன நட்பைச் சட்டென்று வெட்டாமல் மெல்லத் தளர்த்துவதுபோல. முதலில் வாரத்தில் ஒரு பிற்பகல் பதிவறையில் உட்காரக் கேட்கலாம். அந்த நேரத்துக்குக் கவுண்ட்டரில் யார் இருப்பார் என்பதையும் அதே மனுவில் எழுத வேண்டும்.