மதிப்பெண் பெறாத கடைசி வரி

பாளையங்கோட்டையில் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, அண்டவியல் பாடம் தொடங்கினாலே வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும் என்பது பழகிப்போன செய்தி. மாணவர்களில் சிலருக்குப் பெருவெடிப்பு, கடவுள் உலகைப் படைத்ததைச் சொல்லும் பைபிளின் ஆதியாகமத்து முதல் வசனமாகத் தெரிகிறது. பெரியாரைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கோ இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் கடவுள் உண்டா என்ற வழக்கை விசாரித்து, இல்லை என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்.

விடைத்தாள் திருத்தும்போது இது இன்னும் தெளிவாகும். பெருவெடிப்புக்குச் சான்று கேட்டால், விண்மீன் திரள்களின் செம்பெயர்ச்சி (விலகிச் செல்வதால் அவற்றின் ஒளி சிவப்பு நோக்கி நகர்வது), அண்டமெங்கும் எஞ்சியிருக்கும் 2.7 கெல்வின் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு, தொடக்ககால அணுப்பொருளின் நிறையில் ஏறத்தாழக் கால் பங்கு ஹீலியம் என மூன்றையும் ஒழுங்காக எழுதிய இருவரில் ஒருவர் ‘ஆகவே படைத்தவர் உண்டு’ என்றும் மற்றவர் ‘ஆகவே படைத்தவர் இல்லை’ என்றும் முடிப்பதுண்டு. சான்றுகளுக்கு முழு மதிப்பெண் தருவேன். கடைசி வரிக்கு இருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் உலகம் தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என்று எழுதினால் மதிப்பெண்ணைக் குறைப்பேன், ஏனெனில் அது அளந்து மறுக்கப்பட்ட கூற்று.

அச்சான்றுகள் சொல்வது, சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டம் மிகுந்த வெப்பமும் அடர்த்தியும் கொண்டிருந்தது என்பதை மட்டுமே. அதற்கும் பின்னால் போய்க் காலம் சுழியை நெருங்கும் இடத்தில் ஈர்ப்பை விளக்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கைவிட்டுவிடுகிறது. ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் இணைத்து, சோதனையில் தேறிய கோட்பாடு இன்னும் வரவில்லை. இயற்பியலாளர் ஜேம்ஸ் ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும் 1983-இல் முன்வைத்த கருதுகோள் காலத்துக்குத் தொடக்க ஓரமே இல்லாமல் செய்கிறது என்றாலும், அதுவும் குவாண்டம் விதிகளை முதலாக வைத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குகிறது. அந்த விதிகள் ஏன் இருக்கின்றன என்பதற்கு அவற்றைக் கொண்டே விடை சொல்ல இயலாது.

படைத்தவர் உண்டா என்பதை இந்தக் கோட்பாடு தீர்க்காது என முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் பாதிரியாராகவே இருந்தார் என்பதை வகுப்பில் தவறாமல் சொல்வேன். அண்டம் விரிவதை 1927-இல் கணக்கிட்ட பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமேத்ர், 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் பெருவெடிப்பைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது மகிழவில்லை. தம் கோட்பாடு சமய வினாக்களுக்கு முற்றிலும் வெளியே நிற்பது என்பதே அவர் நிலை. நாத்திகர்களும் அதைக் கருவியாக்கிக்கொள்ளக் கூடாது என்பதையும் நான் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

ஆசிரியர் அறையில் என்னோடு வாதிடும் தமிழ்த்துறை நண்பருக்கு இந்தச் சண்டையே புரிவதில்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்துக்கு உரை கண்ட சிவஞான முனிவர் பிறந்த விக்கிரமசிங்கபுரம்தான் அவருக்கும் ஊர். தோன்றி நின்று ஒடுங்கும் உலகுக்கு ஒரு கர்த்தா வேண்டும் என்று அந்நூல் வாதிட்டாலும், குயவனுக்கு மண் போல இறைவனுக்கு உலகின் மூலப்பொருளான மாயை முன்பே உண்டு. இல்லாததிலிருந்து உலகம் வந்தது என்பது சித்தாந்தமே அன்று.

“வெடிச்சாலும் சரி, வெடிக்காட்டாலும் சரி சார்வாள், எங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல,” என்றார்.

எந்த அளவீடும் அசைக்க முடியாத கருத்துக்கு எந்த அளவீடும் துணைக்கும் வராது என்றேன்.

“தொணைக்கு உங்கள யாரு கூப்பிட்டா?” என்று கேட்டுவிட்டு, அவர் அடுத்த வகுப்புக்கு எழுந்து போனார்.