அம்மாவின் முழங்கை

அம்மாவின் வலது கை முழுதாக நீளாது. மடக்கினால் சோறு வாய்க்குப் போகும். நீட்டினால் கடைசி முப்பது டிகிரி வராது. தேயிலைச் செடியின் நடுவில் இருக்கும் கொழுந்தைக் கிள்ள, செடியோடு ஒட்டி நிற்கிறார். கவாத்து வெட்டிய குச்சிகள் இடுப்பில் குத்துகின்றன.

கோத்தகிரிக்குக் கீழே எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை. இரண்டு வருடங்களுக்கு முன், உறைபனி விழுந்த ஒரு காலையில், சரிவில் வழுக்கி உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். வீக்கம் பெரிதாக இல்லை. "கையை நீட்டுங்கள் அம்மா" என்றேன். நீளவில்லை. "சுளுக்குதான் கண்ணு" என்றார். நானும் நம்பினேன்.

அந்த நிமிடத்தை நான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். 2008இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், அடிபட்ட பிறகு முழங்கையை முழுதாக நீட்ட முடியாதவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு எலும்பு முறிந்திருந்தது. அம்மாவுக்கும் ஆரை எலும்பின் தலைப்பகுதியில் விரிசல். தெரியாமல், தினமும் எண்ணெய் போட்டு அழுத்தி நீவும் ஒருவரிடம் அழைத்துப்போனேன். நீவிவிட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார். ஐந்து வாரம்.

பிறகு எக்ஸ்ரே எடுத்த மருத்துவர் விளக்கினார். மூட்டுக்குள் இரத்தம் கட்டினால், பாதி மடங்கிய நிலையில்தான் அதற்கு அதிக இடம் கிடைக்கும். அதனால் கை தானாகவே மடங்கிக்கொள்ளும். அப்படியே கட்டிவைத்தால் மூட்டைச் சுற்றிய உறை சுருங்கி இறுகிவிடும். முழங்கை மற்ற மூட்டுகளைவிடச் சீக்கிரம் விறைக்கக்கூடியது. அடிபட்ட தசையை அழுத்தி நீவினால் அதற்குள்ளேயே எலும்பு வளரலாம். அம்மாவின் படத்தில் முழங்கையின் முன்பக்கம் பஞ்சு போல ஒரு வெள்ளை நிழல். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

எல்லோருக்கும் காரணம் இதுவே அல்ல. பக்கவாதம் வந்த பெரியப்பாவுக்கு முதலில் முறுக்கேறியது மூட்டு அல்ல, தசை. பல வருடம் கல் உடைத்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மூட்டு தேய்ந்து, உதிர்ந்த சில்லு ஒன்று நடுவில் சிக்கியிருக்கிறது. தீக்காயத் தழும்பும் கையை இழுத்துப் பிடிக்கும்.

தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டால் கை நீண்டுவிடும் என்று ஊரில் ஐந்து பேராவது சொல்லிவிட்டார்கள். மருத்துவர் கண்டிப்பாகக் கூடாது என்றார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, வலி ஏறாத அளவுக்கு அம்மாவே மெல்ல நீட்டி மடக்க வேண்டும், ஒரு நாளில் பல முறை. அடுப்படிச் சுவரில் விரல் எட்டிய இடத்தில் கரியால் கோடு போடுகிறோம். ஆறு மாதத்தில் கோடு நான்கு விரற்கடை மேலே போயிருக்கிறது.