303 நகல் சண்டையில் என் கட்சி

ரோலண்ட் கம்பெனியின் டிபி-303-க்கு, அதாவது பேஸ் ஒலியை மின்சாரத்தில் உண்டாக்கும் அந்தப் பழைய சிந்தசைசருக்கு, ஒரு நகல் சந்தைக்கு வந்தால் போதும், சிந்தசைசர் பிரியர்கள் உடனே இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். அசலின் பக்கத்தில்கூட வராது என்று ஒரு அணி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று இன்னொரு அணி. 2016-இல் ரோலண்டே டிபி-03-ஐக் கொண்டுவந்தபோது, உள்ளே இருப்பது அசலின் மின்சுற்று அல்ல, அதைக் கணக்கிட்டுப் போலச் செய்யும் டிஜிட்டல் என்ற ஒரே காரணத்துக்காகப் பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2019-இல் பெரிங்கர் கம்பெனி ஏறக்குறைய 150 டாலருக்கு, அசலைப் போலவே மின்சுற்றால் ஒலிக்கும் டிடி-3 என்ற அனலாக் நகலை இறக்கியபோது, அடுத்தவர் உழைப்பை அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்று கோபம். எனக்கு இந்தச் சண்டையில் விலைதான் முதல் விஷயம். ஏனென்றால் 303-இன் கதையே விலை விழுந்த கதைதான்.

1981-இல் ரோலண்ட் அதை வெளியிட்டபோது சொன்ன உபயோகம், தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரருக்குத் துணையாக பேஸ் வாசிப்பது. வடிவமைத்தவர் தடாவோ கிகுமோட்டோ. பேஸ் கிட்டார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை, வாங்கவும் ஆளில்லை, சுமார் 10,000 பெட்டிகளோடு 1984-இல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அது செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கத் தொடங்கியது. சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற குழுவின் இளைஞர்கள் ஒன்றை வாங்கி, திரும்பத் திரும்ப வரும் ஸ்வர வரிசையான பேட்டர்ன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒலியை மங்கவும் பளிச்சிடவும் செய்யும் ஃபில்டரின் கட்ஆஃப், ரெசனன்ஸ் குமிழ்களைத் திருகிக்கொண்டே போனார்கள். 1987-இல் வெளிவந்த அந்தப் பதிவிலிருந்துதான் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகை கிளம்பியது. அதற்கு 5 வருஷம் முன்பே, 1982-இல், பம்பாயில் இந்தி சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் இதே 303-ஐ ஜுப்பிட்டர்-8 சிந்தசைசர், டிஆர்-808 டிரம் மெஷின் இரண்டோடும் சேர்த்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்திருந்தார். அப்போது அது விற்கவில்லை, 2010 மறுவெளியீட்டுக்குப் பிறகுதான் உலகமே பேசியது. அவர் கையில் அந்தப் பெட்டி இயல்பாகப் பொருந்தியதற்குக் காரணம் ஸ்லைடு என்று நான் நினைக்கிறேன்.

நம் காதுக்கு ஸ்லைடு புதிதல்ல, கர்நாடக சங்கீதத்தில் ஜாரு என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். 303-இல் ஒரு ஸ்வரத்துக்கு ஸ்லைடு போட்டால் அடுத்ததற்குச் சறுக்கிக்கொண்டு போகும். தூரம் அரை ஸ்வரமோ முழு ஸ்தாயியோ, சறுக்க எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றே, அதனால் பெரிய தாவல் வேகமாக வீசி எறிந்தது போலக் கேட்கும். போய்ச் சேர்ந்த ஸ்வரத்தில் ஃபில்டர் மறுபடி முதலிலிருந்து திறக்காது. ஒரு ஸ்வரத்தை அழுத்திச் சொல்லும் ஆக்சென்ட் இன்னும் விசேஷம். அது சத்தத்தை மட்டும் கூட்டுவதில்லை, ஃபில்டரையும் சேர்த்துத் தள்ளுகிறது. ரெசனன்ஸைக் கூட்டி வைத்துக்கொண்டு அடுத்தடுத்து நாலு ஆக்சென்ட் கொடுத்துப் பாருங்கள், சர்க்யூட்டில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கெப்பாசிட்டர் முழுதாகக் காலியாவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் ஒவ்வொரு முறையும் ஒலி இன்னும் கொஞ்சம் மேலே ஏறி முனகும். நகல் நல்லதா இல்லையா என்று பார்க்க நான் கேட்பது இந்த இரண்டையும்தான். அனலாக்கா டிஜிட்டலா என்பது பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கான கேள்வி.

இந்தப் பரீட்சையில் டிபி-03, டிடி-3 இரண்டுமே தேறுகின்றன. ரோலண்டின் பெட்டி ஒலியில் சுத்தம், உள்ளேயே எதிரொலி தரும் டிலே இருக்கிறது, யுஎஸ்பி வழியாக நேராக ஆடியோ பதியலாம். ஆனால் அதன் குமிழ்கள் ரொம்பச் சின்னது. 303-இன் உயிரே ஓடும் பேட்டர்ன்மேல் கை வைத்துத் திருகுவதில் இருக்கும்போது, விரல் நுனியால் மட்டும் பிடிக்க வேண்டிய குமிழைக் கொடுத்தது எனக்குப் பெரிய குறை. டிடி-3-இல் குமிழ்கள் கைக்கு அடக்கமாக இருக்கின்றன, விலையும் பாதிக்குக் கீழே.

திருட்டு என்ற குற்றச்சாட்டையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சின்னக் கம்பெனி இன்றைக்கும் விற்றுப் பிழைக்கும் கருவியை நகலெடுப்பது தவறு, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 303 அப்படியல்ல. நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அசல் இன்றைக்குச் சில ஆயிரம் டாலர், ரோலண்ட் அனலாக்கில் அதைத் திரும்பச் செய்யவும் இல்லை. பெரிங்கருக்கு ரொம்ப முன்னாலேயே லிமோர் ஃப்ரைடு என்ற பொறியாளர் ஸாக்ஸ்பாக்ஸ் என்ற பெயரில் இதே சர்க்யூட்டை அலசி, வரைபடங்களை எல்லாருக்கும் திறந்துவிட்டு, சாலிடர் செய்து கட்டிக்கொள்ளும் கிட்டாக விற்றார். அதை எல்லாரும் கொண்டாடினார்கள். அதே சர்க்யூட்டை ஒரு பெரிய கம்பெனி மலிவாகத் தந்தால் மட்டும் பாவமா?

அதனால் கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது, எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு டிடி-3 என்றுதான் சொல்வேன். வாங்கியதும் கம்ப்யூட்டரில் சொருகி மவுஸால் பேட்டர்ன் வரையாதீர்கள். முதலில் ஸ்வரங்களை மட்டும் வரிசையாக அடித்துவிட்டு, அப்புறம் தாளத்தைத் தனியாக அடிக்கும் 303-இன் அந்தப் பழைய முறையை அதிலும் வைத்திருக்கிறார்கள். இரண்டும் நாம் நினைத்த இடத்தில் பொருந்தாமல் ஒன்றின்மேல் ஒன்று நழுவும்போது, யோசித்து எழுதியிருந்தால் வந்தே இருக்காத ஒரு வரி வந்து விழும். அதை அழிக்காமல் ஓடவிட்டு, ரெசனன்ஸை மெதுவாகத் திறந்து பாருங்கள்.