இருட்டுவதற்கு முன்பே மூடிவிடும் சந்தை

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் பழைய ராணுவப் பொருள்கள் வாங்கப் போகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நவம்பரில் அங்கே மாலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. 'உலர்ந்த பாலம்' எனப்படும் பழம்பொருள் சந்தைக்காரர்களோ ஐந்து மணிக்கே விரிப்பைச் சுருட்டத் தொடங்கிவிடுகிறார்கள். இருட்டில் பார்க்க உதவும், இருட்டில் மட்டுமே சோதிக்க முடிகிற நைட் விஷன் கருவியைப் பட்டப்பகலில் வைத்து விற்கிறார்கள், நாமும் பட்டப்பகலில் வாங்குகிறோம். இதை யோசிக்காமல் முதல் நாளே 180 லாரியை (லாரி என்பது ஜார்ஜிய நாணயம்) கொடுத்துவிட்டு வந்தேன். நம் பணத்தில் ஐயாயிரத்துக்கு மேல். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு இந்தக் கருவி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: எங்கள் தோட்டம் கடவூர் மலைகளுக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்ததே, அந்தப் பக்கம். சரணாலயத்துக்குள் போக வேண்டிய அவசியமே இல்லாமல் தோட்டத்து வேலியிலேயே இரவில் என்னென்னவோ வருகின்றன. டார்ச் அடித்தால் போய்விடுகின்றன. சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச்சோடு பல ஆண்டுகள் ஓட்டினேன். வெளிச்சமே போடாமல் ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. மகள் திபிலீசியில் மருத்துவம் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் பத்து நாள் பயணம் அமைந்தபோது, சந்தையை ஒரு கை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

சந்தையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குரா ஆற்றின் ஒரு கிளை தூர்ந்துபோனதால் அடியில் தண்ணீர் இல்லாமல் நிற்கும் பாலம். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு 1990களில் மக்கள் வீட்டிலிருந்த பொருள்களை எடுத்துவந்து இங்கே விற்றுப் பிழைத்தார்கள். இன்றும் பதக்கம், கேமரா, பீங்கான், வாயுமுகமூடி எல்லாம் தரையிலும் கார் பானட்டிலும் பரப்பிக் கிடக்கின்றன. சனி, ஞாயிறுகளில்தான் கூட்டமும் சரக்கும் அதிகம். வயதான வியாபாரிகளிடம் ரஷ்ய மொழி செல்லும். மகள் நோயாளிகளிடம் பேசுவதற்காகக் கற்ற ஜார்ஜிய மொழி எனக்கு அங்கே பெரிய துணை.

முதல் சனிக்கிழமை என் கண்ணில் பட்டது பிஎன்வி-57இ. ராணுவ வண்டி ஓட்டுநர்கள் தலையில் மாட்டிக்கொள்ளும் இரட்டைக் குழாய்க் கருவி. பெட்டி, வார், கேபிள் எல்லாம் அப்படியே இருந்தன. வியாபாரி ஒரு கார் பேட்டரியில் இணைத்துக் காட்டினார். கண்வைக்கும் இடத்தில் பச்சை ஒளி பரவியது. அதைப் பார்த்ததும் நான் வேறெதுவும் கேட்கவில்லை.

அன்று இரவு பக்கத்து வீட்டுக்காரரின் காரைக் கெஞ்சி வாங்கி, அதன் பேட்டரியில் மாட்டிப் பார்த்தோம். பச்சை வெளிச்சம் இருந்தது, அதற்குள் எதுவும் தெரியவில்லை. மரம் இல்லை, சுவர் இல்லை. அறைக்குத் திரும்பி இரவு முழுவதும் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இது 1950களின் தொழில்நுட்பம். இருக்கிற நட்சத்திர ஒளியைப் பெருக்குகிற கருவியே கிடையாது. வண்டியின் முன்விளக்கில் அகச்சிவப்பு வடிகட்டி மாட்டி, அது உமிழும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை மட்டும் பார்க்கும். விளக்கு இல்லாவிட்டால் குருடு. வண்டியின் மின்சாரம் இல்லாமல் எரியவும் எரியாது. இதைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் நடப்பது எப்படி?

மறுநாள் காலை திருப்பிக் கொடுக்கப் போனேன். "எரிந்ததை நீங்களே பார்த்தீர்கள்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். மகள் அரைமணி நேரம் பேசி 70 லாரி திரும்ப வாங்கித் தந்தாள். மிச்சம் 110 போனது போனதுதான்.

ஆகவே முதல் எச்சரிக்கை: பச்சையாக ஒளிர்வதை வைத்து எதையும் நம்பாதீர்கள். கருவிக்குள் படத்தை உருவாக்கும் பழைய குழாய்கள் முன்மூடியைக் கழற்றாமலே ஒளிரும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே தேங்கிய மின்னழுத்தத்தால் கொஞ்ச நேரம் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். ஒளி தெரிகிறதா என்று பார்க்காதீர்கள், உருவம் தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, தலைமுறை. 1960களில் வந்த முதல் தலைமுறைக் குழாய்கள் இருக்கிற ஒளியைப் பெருக்குபவை. 1970களில் வந்த இரண்டாம் தலைமுறையில் நுண்துளைத் தகடு ஒன்று சேர்ந்தது, பெருக்கம் பல மடங்கு கூடியது. காலியம் ஆர்சனைடு கொண்ட மூன்றாம் தலைமுறை அமெரிக்கக் கருவிகள் கடுமையான ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் இருப்பவை. எந்த நாட்டுத் தெருச்சந்தையிலாவது யாராவது அதைக் கையில் கொடுத்தால், கொடுத்த கையிலேயே விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். பாலத்தடியில் நேர்மையாகக் கிடைப்பது முதல் தலைமுறைதான். இயக்கியதும் மெல்லிய கீச்சொலி கேட்கும், ஓரங்களில் படம் வளைந்து மங்கும். இவற்றைக் குறையாக நினைக்க வேண்டாம், அதன் இயல்பே அப்படி.

இன்னொரு கடையில் துப்பாக்கியில் பொருத்தும் இரவு நோக்கி ஒன்று கிடந்தது. கருவியாக அது மிக நல்லது, எனக்கு ஆசையும் வந்தது. பக்கவாட்டில் பிடிமானம், உள்ளே குறிபார்க்கும் கோடுகள். மகள் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "அப்பா, விமான நிலையத்தில் இதைப் பறவை பார்க்க என்று சொன்னால் யார் நம்புவார்கள்?" அவள் சொன்னது முழு உண்மை. பிடிமானமும் குறிகோடும் உள்ள எதையும் தொடாதீர்கள். அதன் பெயர் ஆயுத உதிரிப்பாகம்.

அதே ஞாயிறு மதியம், பாலத்தின் கீழ்ப்பக்கம் கேமராவும் தொலைநோக்கியும் விற்கும் ஒரு பெரியவரிடம் இரண்டு ஒற்றைக் கண் கருவிகள் இருந்தன. நோவோசிபிர்ஸ்க் ஆலையில் பொதுமக்களுக்காக 1990களில் செய்தவை, பெயர்ப்பட்டை லத்தீன் எழுத்தில். இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும். இதுவும் பெரிய விஷயம். பழைய ராணுவ நோக்கிகள் பலவற்றுக்கு ஐந்து நிக்கல்-காட்மியம் பொத்தான் பேட்டரிகளை அடுக்கி 6.25 வோல்ட் கொடுக்க வேண்டும். அவற்றைத் தேடி எங்கே அலைவது?

எரிகிறதா என்று கேட்டேன். பகலில் மூடியைத் திறக்கக் கூடாது, குழாய் கருகிவிடும் என்று அவரே சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. மூடியில் ஊசித்துளை ஒன்று இருக்கும். மூடியைக் கழற்றாமலே இயக்கினால் துளை வழியாக வரும் துளி ஒளியில் மங்கலாகப் படம் தெரியும். ஆனால் சுற்றிலும் வெயில் அடிக்கும்போது கண்ணுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. பெரியவர் பக்கத்துக் கடையில் விற்பனைக்குத் தொங்கிய நபாதியைக் கழற்றி வந்தார். ஜார்ஜிய ஆட்டிடையர்கள் போர்த்தும் கனமான கம்பளி அங்கி அது. என் தலையோடு சேர்த்துப் போர்த்திவிட்டார். ஆட்டு ரோம நெடியில் மூச்சு முட்டியது. ஆனால் அது நல்ல இருட்டு. ஐந்து நிமிடம் கண் பழகும்வரை அப்படியே நின்றேன்.

முதல் கருவியில் படத்தின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. எப்போதோ யாரோ எரியும் விளக்கைப் பார்த்தபடி இதை இயக்கியிருக்கிறார்கள். அந்தத் தழும்பு எந்தக் காலத்திலும் மறையாது. இரண்டாவதில் ஓரமாக இரண்டு கரும்புள்ளிகள் மட்டும். புள்ளிகளுக்குப் பயப்பட வேண்டாம், நடுவில் இல்லாமலிருந்தால் போதும். பளிச்சென்று விடாமல் மின்னும் புள்ளியோ ஒரு பக்கமாக ஒளித்திட்டோ இருந்தால் மட்டும் வாங்காதீர்கள். அங்கியை விலக்கிவிட்டு, இரண்டாவதைக் காட்டி, "இருட்டும்வரை காத்திருங்கள், அப்போதுதான் பணம்" என்றேன். மகள் மொழிபெயர்த்தாள். அவர் முகம் சுருங்கியது. மூன்று கோப்பைத் தேநீர் வாங்கிவந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டோம். எல்லோரும் மூட்டை கட்டிப் போன பிறகும் அவர் எங்களுக்காக இருந்தார். ஆறேகாலுக்குப் பக்கத்து தேதாஏனா பூங்காவில், விளக்குக் கம்பங்களுக்கு முதுகைக் காட்டி நின்று மூடியைத் திறந்தேன். புதரின் ஒவ்வோர் இலையும் தெரிந்தது. அதன் அடியில் படுத்திருந்த நாய் காதைத் திருப்பியது தெரிந்தது. வெறுங்கண்ணுக்கு அங்கே நாயே இல்லை. 260 லாரி. பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

வாங்கியதோடு முடிந்தது என்று நினைத்தேன். பழம்பொருள்களையும் கலைப்பொருள்களையும் அந்நாட்டிலிருந்து எடுத்துப்போக அனுமதி கேட்பார்கள் என்று மகளின் தோழி ஒருத்தி சொன்னாள். எதற்கும் கேட்டுவிடுவோம் என்று திங்கட்கிழமை ஓர் அலுவலகத்துக்குப் போனோம். ஒரு மணி நேரம் நின்று சன்னலுக்குப் போனால், அங்கிருந்த பெண் கருவியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ரசீது எங்கே? பாஸ்போர்ட் எங்கே?" என் பாஸ்போர்ட்டை நீட்டினேன். "உங்களுடையது வேண்டாம், கருவியுடையது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார்.

சோவியத் வழக்கப்படி ஆலையிலிருந்து வரும் ஒவ்வொரு கருவிக்கும் 'பாஸ்போர்ட்' என்று ஒரு சிறு புத்தகம் உண்டு. வரிசை எண், தயாரித்த தேதி, சோதித்தவரின் முத்திரை எல்லாம் அதில் இருக்கும். இதை வாங்கும்போதே கேட்டுப் பெற வேண்டும் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் மூன்று நாள் மிஞ்சியிருக்கும். பெரியவர் வார இறுதியில் மட்டும்தான் கடை போடுவார், எங்கள் விமானமோ வெள்ளி இரவு. செவ்வாய் முழுவதும் பாலத்தடியில் அலைந்து, அவரைத் தெரிந்த ஓவியர் ஒருவரைக் கண்டுபிடித்துத் தொலைபேசச் சொன்னோம். புதன்கிழமை அவர் பேருந்து ஏறி வந்தார். மஞ்சளேறிய அந்தச் சிறு புத்தகத்தை உள்சட்டைப் பையிலிருந்து எடுத்தார். வரிசை எண் பொருந்தியது. ஒரு தாளில் பொருளின் பெயர், விலை, தேதி எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். வந்துபோன செலவைக் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார்.

வியாழக்கிழமை அதே சன்னல். இம்முறை வேறொருவர். புத்தகத்தைப் புரட்டினார், இது தங்கள் துறையில் வராது என்று இன்னொரு சன்னலுக்கு அனுப்பினார். அங்கே பிடிமானம் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பத்தே நிமிடம். இதைத் திங்கட்கிழமையே செய்திருக்க முடியாதா?

வழியில் வளைகுடாவில் விமானம் மாறும் இடத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். பேட்டரியைத் தனியே எடுத்து வைத்திருந்தேன், தாள்கள் மேலேயே இருந்தன, விட்டுவிட்டார்கள். ஊர் வந்து இறங்கிய இடத்தில்தான் வியர்த்துப்போனது.

"இது துப்பாக்கியில் மாட்டுவதுதானே?"

"இல்லை சார். மாட்டுவதற்கு இதில் இடமே இல்லை, பாருங்கள்."

"ராணுவத்தில் இருந்தீர்களா?"

"இல்லை சார், விவசாயி. தேவாங்கு பார்க்க வாங்கினேன்."

அதிகாரி என்னை ஏறிட்டுப் பார்த்தார். இன்னொருவரை அழைத்தார். அவர் மூன்றாமவரை அழைத்தார். முக்கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் பேசியவை அந்த மஞ்சள் புத்தகமும் முத்திரைத் தாளும்தான். வரிசை எண்ணைக் கருவியோடு ஒப்பிட்டார்கள், விலையைப் பார்த்தார்கள், தோட்டத்தில் நான் எடுத்த படங்களைத் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தார்கள். ஒருவர், தன் பாட்டி ஊரில் சின்ன வயதில் தேவாங்கு பார்த்திருப்பதாகச் சொன்னார். போகலாம் என்றார்கள். நீங்கள் போகும்போது சட்டம் எப்படி இருக்குமோ, பயணத்துக்கு முன்பே சுங்கத்துறையிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்ததுபோலவே உங்களுக்கும் நடக்கும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம்.

இப்போது காற்றுப்புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன், நம் ஊர் ஈரப்பதத்துக்குக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும். பயன்படுத்தாதபோது பேட்டரியைக் கழற்றிவிடுகிறேன். ஒரே கட்டத்தில் ஒளியைப் பெருக்கும் முதல் தலைமுறைக் குழாய் என்பதால் பாதி நிலவாவது வேண்டும், அமாவாசைக்கு இது உதவாது.

தேவாங்கு இன்னும் கண்ணில் படவில்லை. வந்த வாரம், நிலா ஏறிய பிறகு, மோட்டார் அறைத் திண்ணையில் உட்கார்ந்து வண்டிப்பாதையைப் பார்த்தேன். பாதையின் நடுவில் மண்ணோடு மண்ணாகப் பக்கி என்ற இரவுப் பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. எத்தனையோ முறை டார்ச் வெளிச்சத்தில் அதன் கண் நெருப்புத் துண்டாக மின்னி, அடுத்த நொடி பறந்துபோவதைத்தான் பார்த்திருக்கிறேன். அன்று அது பறக்கவில்லை. எழும்பி ஒரு பூச்சியைப் பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. மறுபடியும் எழும்பியது, மறுபடியும் வந்தது. நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.