நெபந்த்லாவும் அம்மாவின் மெழுகுவத்தியும்

லத்தீன் அமெரிக்க வேர்களோடு அமெரிக்காவில் வாழ்பவர்களை ஆண், பெண் என்று பிரிக்காமல் குறிப்பிட, ஆய்வாளர்கள் பலர் 'லத்தினெக்ஸ்' என்ற சொல்லை ஆள்கின்றனர். 'அவர்' என்ற ஒரே சொல்லால் இச்சிக்கலைத் தாண்டிவிடும் நமக்கு அந்த எக்ஸ் சற்று விசித்திரமாகத்தான் தோன்றும்.

லத்தினெக்ஸ் இலக்கியத்தில் அடையாளத்தையும் ஆன்மிகத்தையும் ஆராய்பவர்கள் எழுத்தாளர் குளோரியா அன்சால்துவாவைத் தவிர்ப்பது கடினம். தெற்கு டெக்சாஸில் 1942இல் பிறந்த அவர், 1987இல் வெளிவந்த 'பார்டர்லாண்ட்ஸ்' நூலில் ஆங்கிலத்தையும் ஸ்பானியத்தையும் கலந்து, பல இடங்களில் மொழிபெயர்ப்பே தராமல் எழுதினார். 'நெபந்த்லா' என்னும், மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டலின் சொல்லுக்கு இடைப்பட்ட இடம் என்று பொருள். இரு உலகங்களுக்கு நடுவே நிற்பதை வெறும் குறையாகக் கருதாமல், புதிய பார்வை பிறக்கும் இடமாக அவர் அதை வளர்த்தெடுத்தார். அவர் எழுதும் மெக்சிகோவின் குவாதலூப்பே அன்னையும் அப்படித்தான்: தேவாலயத்தில் அவள் மரியாள், அவள் 1531இல் காட்சி தந்ததாக நம்பப்படும் தெப்பெயாக் குன்றோ, தொனான்சின் என்ற பழங்குடித் தாய்த்தெய்வத்தோடு தொடர்புபடுத்தப்படும் இடம்.

பினாங்கில் வளர்ந்த எனக்கு, இதைப் படித்ததும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயமே நினைவுக்கு வந்தது. ஜூலைத் திருவிழாவுக்கு அம்மா திருநீற்று நெற்றியோடு, வாழையிலையில் பொதிந்த மல்லிகைச் சரத்தை எடுத்துச் செல்வார். மெழுகுவத்தியை ஏற்றியதும், சூடத்தட்டைத் தொடுவதுபோல் சுடருக்கு மேல் கைகாட்டிக் கண்களில் ஒற்றிக்கொள்வார். இதனைச் சமயக் கலப்பு என்று வகைப்படுத்துவது எனக்குப் போதவில்லை. யாரைக் கும்பிடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆத்தாளைத்தான்" என்றார்.